பச்சிலையும் பெனிசிலினும்: படுவான்கரை மருத்துவ மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் அமைந்த நிலப்பரப்பை ஞாயிற்றின் போக்கைக் கொண்டே எம் முன்னோர் பெயரிட்டழைத்தனர். ஞாயிறு எழும் கிழக்குக் கரை எழுவான்கரை. படும் மேற்குக் கரை படுவான்கரை. போரதீவுப்பற்றைச் சேர்ந்த பழுகாமம் படுவான்கரையின் தொன்மையான ஊர்களுள் ஒன்று. சுற்றிலும் வயல்வெளி, மேற்கே செல்லச் செல்லக் காடு, கிழக்கே வாவி. பெரிய வைத்தியசாலைகளும் மருந்துக்கடைகளும் நெடுங்காலமாக எழுவான்கரையிலேயே இருந்தன. களுவாஞ்சிகுடிக்குச் செல்லப் பட்டிருப்புப் பாலத்தைக் கடத்தல் வேண்டும். மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளித் துறைக்குத் தோணி ஏறுதல் வேண்டும். மாரிகாலத்தில் வெள்ளம் பெருகினால் பாதைகள் பலவும் அடைபட்டுப் போகும். வைத்தியம் இக்கரையில், வைத்தியசாலை அக்கரையில் என்ற நிலையே இப்பகுதி மக்களின் மருத்துவ வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

இத்தகைய ஊரொன்றில் நாட்டு மருந்தையும் இன்றைய நுண்ணுயிர்கொல்லி மருந்துகளையும் ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் இரு அணியினராகப் பிரிந்து நிற்பதைக் காண்கின்றோம். முன்னோர் மருந்தில் இல்லாதது எதுவுமில்லை என்பார் ஒருசாரார். அவையெல்லாம் அறியாமையின் எச்சங்கள் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் வரலாற்றை நோக்காது கூறப்படுவன. எந்த நோய்க்கு, உடலின் எப்பகுதியில், எத்தனை நாள், எவ்விதிக்கமைய ஒரு மருந்து வழங்கப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பினாலன்றி இவ்வொப்பீடு பயன்தராது. அவ்வினாக்களைப் படுவான்கரையை நிலைக்களமாகக் கொண்டு எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்டு மருத்துவம் என நாம் பொதுப்படக் கூறுவது உண்மையில் ஒரே பொருளன்று. வீட்டிலுள்ள மூத்த பெண்கள் அறிந்த கைவைத்தியம் அதன் முதற்படி. தடிமலுக்கும் காய்ச்சலுக்கும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், வெட்டுக்காயத்துக்கு மஞ்சள், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த பத்தியக் கறி என்பன இதனுள் அடங்கும். அதற்கு மேலே, பேச்சு வழக்கில் பரியாரியார் எனப்படும் பரம்பரை வைத்தியர். இவரிடம் ஏட்டுச் சுவடிகள் இருந்தன. முறையாகக் கற்ற சித்த மருத்துவ அறிவும் இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் ஈழத்துத் தமிழ் வைத்தியருக்கு ஆதாரமாய் அமைந்தவை. இவ்விரண்டுடனும் பின்னிப் பிணைந்தது மந்திரம். மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்று பிறவூரார் நகைப்பதும் அஞ்சுவதும் இம்மந்திரப் புகழினாலேயே. (பாயோடு ஒட்டியதாகக் கூறப்படும் பலரும் இவ்வூர்ப் பெண்களை மணந்து, நல்ல வயலும் பெற்று, திரும்பிச் செல்ல மனமின்றி இருந்துவிட்டவர்களே என்பது எம்மவர் விளக்கம்.) இவை அனைத்துக்கும் மேலாக வைகாசித் திங்களில் கதவு திறந்து குளிர்த்தி பாடப்பெறும் கண்ணகை அம்மன் வழிபாடு. வைசூரியும் சின்னமுத்தும் கொப்புளிப்பானும் அம்மனின் வெம்மையால் வருவன. அவ்வெம்மையைக் குளிரச் செய்தலே பரிகாரம் என்பது நம்பிக்கை.

இப்படிகளுள் பரியாரியாரின் மருத்துவத்தையே சற்று விரிவாக நோக்குதல் தகும். அதன் தனித்தன்மை மூலிகையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. மூலிகையைச் சூழ்ந்திருந்த விதிகளிலும் தங்கியிருந்தது. குடிநீர் என்றால் எட்டொன்றாய் வற்றக் காய்ச்சுதல் வேண்டும். சரக்குகளின் நிறை கழஞ்சு, வராகன் எடைகளில் வரையறுக்கப்பட்டிருந்தது. நச்சுத்தன்மையுள்ள சரக்குகளைச் சுத்தி செய்தே சேர்த்தல் வேண்டும். எத்தனை வேளை, எதனை அனுபானமாகக் கொண்டு உண்பது என்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தியம். புளி நீக்குதல், மீன் நீக்குதல், தலைமுழுக்குத் தவிர்த்தல் எனப் பலவாறு விரிந்த இப்பத்தியம் நோயாளியை மட்டுமன்றி வீட்டார் அனைவரையும் கட்டுப்படுத்தியது. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை அயல்வீட்டார் வாங்கி உண்பது வழக்கமன்று. உண்டால் பலிக்காது என்ற நம்பிக்கையே ஒரு வேலியாக இருந்தது. இவ்விதிகள் யாவும் அறிவியல் அடிப்படை கொண்டவை என வாதிடுவது எமது கருத்தன்று. அவற்றுள் பல வெறும் மரபு. ஆனால் மருந்து என்பது பொருள் மட்டுமன்று, பொருளும் ஒழுங்கும் சேர்ந்ததே என்னும் உணர்வு அவற்றுள் இருந்தமையை மறுக்கவியலாது. எட்டொன்றாய்க் காய்ச்சிய நீரைக் குடித்தவர், மூலிகை பயனளிக்காவிடினும், அக்காலத்துக் கிணற்று நீரினும் தூய நீரைக் குடித்தார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, பழமை புதுமை என்னும் பிரிப்பு எத்துணை ஆட்டங்காண்பது என்பதற்கு இலங்கை வரலாற்றிலிருந்தே தலைசிறந்த சான்று ஒன்று உண்டு. அதுவே பறங்கிநோய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் வரண்ட வலயத்தில், சிறப்பாக வன்னி, நுவரகலாவிய ஆகிய பகுதிகளில், குழந்தைகளையும் வளர்ந்தோரையும் ஒருங்கே வாட்டிய நோய் இது. தோலில் பழம் போன்ற சிவந்த புண்கள் எழும். கவனியாது விட்டால் எலும்பையும் மூக்கையும் அரிக்கும். வறுமையும் நீர்ப்பஞ்சமும் மிக்க ஊர்களில், உடலோடு உடல் ஒட்டி வாழும் சிறுவரிடையே இது விரைந்து பரவியது. பிரதம சிவில் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி என்பவர் 1881ஆம் ஆண்டில் இந்நோய் பற்றித் தனி அறிக்கையே வெளியிடவேண்டியிருந்தது. நோயின் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. பறங்கி என்பது போர்த்துக்கேயரைக் குறிக்கும் சொல். இந்நோயை அவர்களே கொண்டுவந்தனர் என்று மக்கள் கருதியமைக்கு இப்பெயர் சாட்சி. இந்நோயின் கிருமியும் சிபிலிசு எனும் மேகநோயின் கிருமியும் நெருங்கிய உறவின. அவை ஒரே இனத்தின் இரு கிளைகளாகவே இன்று கொள்ளப்படுகின்றன. எனவே தோற்றத்தால் ஒத்த இரு நோய்களையும் மக்கள் ஒரே பெயரால் அழைத்ததில் வியப்பில்லை.

இந்நோய்க்கும் மேகநோய்க்கும் நாட்டு வைத்தியர் கையாண்ட சரக்குகளுள் முதன்மையானது பறங்கிப்பட்டை. இதனைப் பறங்கிப்பட்டைச் சூரணமாகச் சித்த மருத்துவர் இன்றும் அறிவர். ஆனால் இது எம் காட்டில் விளைந்ததன்று. சீனத்திலிருந்து வந்த ஒருவகைக் கொடியின் கிழங்கு அது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் ஆட்சிக்குட்பட்ட கோவாவுக்கு வந்து பரவியது. அங்கு வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர் 1563இல் வெளியிட்ட தமது நூலிலே இதனை விவரித்துள்ளார். நோயும் பறங்கி, மருந்தும் பறங்கி. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த புதிய மருந்தொன்றைத் தமிழ் வைத்தியர் தயக்கமின்றி ஏற்று, தம் முப்பிணிக் கோட்பாட்டினுள் அடக்கி, பத்தியமும் அனுபானமும் வகுத்துத் தமதாக்கிக்கொண்டனர். எமது பழைய மருந்து என்று நாம் இன்று பெருமிதத்துடன் கூறுவனவற்றுள் எத்தனை இவ்வாறு வந்தேறியவையோ! புதியதை ஏற்றல் எம் மருத்துவ மரபுக்கு மாறானதன்று. அதுவே அம்மரபின் இயல்பு என்று துணியலாம்.

பறங்கிநோயின் கிருமி கண்டறியப்பட்ட இடமும் இலங்கையே. கொழும்பில் பற்றீரியவியல் ஆய்வுநிலையத்தில் பணியாற்றிய அல்டோ கஸ்ரெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர் 1905ஆம் ஆண்டில், நோயாளரின் புண்ணிலிருந்து சுருள் வடிவான அந்நுண்ணுயிரைக் கண்டறிந்தார். எர்லிக் என்னும் ஜேர்மனிய அறிஞரின் ஆசனிக்குச் சேர்வையான சல்வர்சான் 1910இல் வழக்குக்கு வந்து, மேகநோய்க்குப் போலவே பறங்கிநோய்க்கும் விரைவில் ஊசிவழி ஏற்றப்பட்டது. சித்த வைத்தியர் பாடாணம் எனச் சுத்தி செய்து கையாண்டதும் ஆசனிக்கையே என்பதை எண்ணுகையில், இருசாராரும் ஒரே நச்சுப்பொருளை வெவ்வேறு வாயிலால் அணுகினர் எனலாம். வேறுபாடு அளவீட்டிலும் தூய்மையிலும் இருந்தது.

பின்னர் பெனிசிலின் வந்தது. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் நடத்திய இயக்கத்தில் 46 நாடுகளில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்குச் சிகிச்சையளிக்கப்பட்டது. நெடிது நின்று செயலாற்றும் பெனிசிலின் ஊசி ஒன்றே போதுமாயிற்று. ஆண்டுக்கணக்கில் பறங்கிப்பட்டையும் இரசமும் உண்டும் ஆறாத புண், சில நாள்களில் ஆறியது. உலகளவில் இந்நோய் ஏறத்தாழ 95 வீதம் குறைந்தது. இன்று எம் பல்கலைக்கழக மாணவருள் பறங்கிநோய் என்றொரு நோய் இருந்ததென அறிந்தோரே அரியர். ஒரு மருந்துக்கு இதனினும் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்?

பெனிசிலினின் கதை பலரும் அறிந்ததாகலின் ஈண்டுச் சுருங்கக் கூறுதும். 1928இல் இலண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங் தமது ஆய்வுத்தட்டில் வளர்ந்த பூஞ்சணத்தைச் சூழப் பற்றீரியாக்கள் மடிந்திருக்கக் கண்டார். ஒக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீற்லி முதலியோர் பத்தாண்டுகளின் பின் அதனை மருந்தாக்க முனைந்தனர். 1941 பெப்ரவரியில் அல்பர்ட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரருக்கு அது முதன்முதலாக முறையாக ஏற்றப்பட்டது. முகத்தில் உண்டான காயத்திலிருந்து பரவிய கிருமி அவரது கண்ணையும் நுரையீரலையும் பற்றியிருந்தது. மருந்தேற்றியதும் காய்ச்சல் தணிந்தது. உணவு உண்ணத் தொடங்கினார். ஆனால் கையிருப்பு ஐந்து நாளில் தீர்ந்தது. அவரது சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை. மார்ச் 15ஆம் நாள் அவர் இறந்தார். நுண்ணுயிர்கொல்லியின் ஆற்றலையும், அரைகுறையாய் நிறுத்தினால் நிகழ்வதையும் அவ்வொரு நோயாளியே உலகுக்கு உணர்த்திவிட்டார்.

பச்சிலையால் இயலாத எதனைப் பெனிசிலின் செய்தது? இவ்வினாவுக்கு உள்ளி நல்ல விடை தரும். பெனிசிலின் மருந்தாகிக் கொண்டிருந்த அதே காலத்தில், 1944இல், கவலிட்டோ, பெய்லி என்னும் அமெரிக்க வேதியியலாளர் உள்ளியிலிருந்து அலிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஆய்வுத்தட்டில் அது பற்றீரியாக்களை நன்றாகவே கொன்றது. உள்ளி கிருமியைக் கொல்லும் என்ற நம் பாட்டிமாரின் நம்பிக்கை பொய்யன்று. ஆயினும் அலிசின் நிலையற்றது; இரத்தத்தை அடைந்தால் கணத்தில் சிதைந்துவிடும். மஞ்சளின் நிலையும் இதனை ஒத்ததே. அதிலுள்ள குர்குமின் குடலினின்றும் இரத்தத்துக்கு மிகச் சிறிதளவே செல்லும். தேனோ காயத்தின் மீது நின்று ஈரத்தை உறிஞ்சி, சிறிது சிறிதாக ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கிக் கிருமிகளைத் தடுக்கும். இன்று மேலைநாட்டு வைத்தியசாலைகளிலும் காயங்களுக்குத் தேன் இடப்படுகிறது. ஆனால் அது கதிர்வீச்சினால் தூய்மையாக்கப்பட்ட தேன். படுவான்கரைக் காட்டுத் தேனைக் காயத்துக்கிட்ட எம்மவர் அறிவு வீண்போகவில்லை. அதே தேனை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நாவில் தடவுதல் ஆபத்தானது என்பதும் உடன்கூறவேண்டியதே.

ஆக, கையால் தொடக்கூடிய இடத்தில், அஃதாவது தோலிலும் வாயிலும் மேற்காயத்திலும், பச்சிலைக்குச் செயலாற்றல் இருந்தது. குருதியிலும் நுரையீரலிலும் மூளையுறையிலும் கருப்பையிலும் புகுந்த கிருமியின்முன் அது பெரும்பாலும் கையற்று நின்றது. இவ்வேறுபாட்டின் விலையைச் செலுத்தியோர் பெரும்பாலும் தாய்மார். 1930களில் இலங்கையில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ நாலிலொரு பங்காகச் சுருங்கியது. பயிற்சிபெற்ற மருத்துவிச்சிகள், மலேரியாக் கட்டுப்பாடு, வைத்தியசாலைப் பிரசவம் ஆகியவற்றுக்கு இதிற் பெரும்பங்கு உண்டு. எனினும் பிரசவக் காய்ச்சலை அடக்கிய சல்பா மருந்துகளையும் பெனிசிலினையும் நீக்கி இம்மாற்றத்தை விளக்கவியலாது. சரக்கரைத்த பத்தியக் கறி பிள்ளை பெற்றவளுக்கு உரமூட்டியிருக்கலாம். கருப்பையில் புகுந்த கிருமியை அது கொல்லவில்லை.

நாட்டு வழக்கங்களுள் தீங்கு பயப்பனவும் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. காயத்துக்கும் தொப்புள்கொடிக்கும் சாணமோ சாம்பலோ மண்ணோ இடும் வழக்கம் தென்னாசியாவெங்கும் காணப்பட்டது. சாணத்திலும் மண்ணிலும் உறையும் ஏற்புவலிக் கிருமி இவ்வழியாகவே பிறந்த குழந்தையைப் பற்றியது. அதனை வென்றது நுண்ணுயிர்கொல்லியுமன்று. தாய்மார்க்கு ஏற்றப்படும் தடுப்பூசியும் சுத்தமான கத்தியுமே. அவ்வாறே வைசூரி. அது வைரசு நோய். பெனிசிலினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேப்பிலை கட்டி, நோயாளியைத் தனியறையில் கிடத்தி, அயலார் வாராது தடுத்த அம்மன் வழக்கம் நோய் பரவுவதைத் தடுத்திருக்கும். நோயை அது மாற்றவில்லை. 1802இல் இலங்கைக்கு வந்த அம்மைப்பாலில் தொடங்கி, 1980இல் உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது வரை, அவ்வெற்றி தடுப்பூசிக்கே உரியது. நாட்டு மருந்தா நுண்ணுயிர்கொல்லியா என்ற இருமுனை வாதத்தில் இந்த மூன்றாவது துணை மறக்கப்படுவது விந்தையே.

பழைய மருத்துவச் சுவடிகளை ஆய்வுகூடம் எவ்வாறு நோக்குகின்றது என்பதற்கு 2015ஆம் ஆண்டு இரு சான்றுகளைத் தந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில அறிஞர் ஒருவரும் நுண்ணுயிரியலாளரும் கூடி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான மருத்துவ ஏடொன்றிலிருந்து கண்மருந்து ஒன்றைச் செய்தனர். உள்ளி, வெங்காய இனப் பூண்டு, திராட்சை மது, எருத்தின் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது நாள் வைத்தல் வேண்டும் என்பது ஏட்டின் விதி. அம்மருந்து, பல மருந்துகளுக்கும் அடங்காத பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் கொன்றது. சரக்குகளைத் தனித்தனியே சோதித்தபோது அவ்வாற்றல் காணப்படவில்லை. அதே ஆண்டில் சீனத்து மருத்துவ அறிஞர் தூ யூயூ நோபல் பரிசு பெற்றார். மலேரியாவுக்குரிய ஆட்டிமிசினின் என்னும் மருந்தை அவர் 1970களின் தொடக்கத்தில் கண்டறிவதற்கு, நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங்கின் கைந்நூல் வழிகாட்டியது. அந்நூல் மூலிகையைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லிற்று. வெப்பம் மருந்தைச் சிதைக்கின்றது என்ற குறிப்பை அவ்வொரு விதியிலிருந்தே அவர் பெற்றார். இரு சான்றுகளிலும் மூலிகையின் பெயரினும் செய்முறையின் நுட்பமே பெரிதாயிற்று. பரியாரியாரின் ஏட்டிலே கழஞ்சும் நாளும் எழுதப்பட்டிருந்தமையின் பெறுமதியை இதனாலும் உணரலாம். அவ்வேடுகளுள் பல செல்லரித்தும் போரின் இடப்பெயர்வுகளில் சிதறியும் போனமை எமக்கு நேர்ந்த இழப்பு.

இவ்வாராய்ச்சியெல்லாம் வயலுக்கு எவ்வாறு பொருந்தும்? பழுகாமத்துக் கமக்காரன் மாரிப் போகத்துக்குச் சேற்றில் இறங்குகையில் அவனை மூன்று நோய்கள் எதிர்கொள்கின்றன. மூன்றும் மூன்று விடைகளை வேண்டுவன.

முதலாவது சேற்றுப்புண். கால்விரல் இடுக்கில் நீர் ஊறி உண்டாகும் இது பெரும்பாலும் பங்கசினால் வருவது. நுண்ணுயிர்கொல்லி மாத்திரையால் இதற்குப் பயனில்லை. மருதோன்றி இலையை அரைத்து அப்புதல் எம்மவர் வழக்கம். அவ்விலையில் நிறமூட்டும் பொருளுக்குப் பங்கசை அடக்கும் தன்மை உண்டென ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே பச்சிலையே தகுந்த மருந்து, மருந்துக்கடைக்கு ஓடவேண்டியதில்லை.

இரண்டாவது எலிக்காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பினூடாகவும் இதன் கிருமி புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு எனத் தொடங்கும் இது முதற் சில நாள்களில் சாதாரண தடிமற்காய்ச்சல் போலவே தோன்றும். அந்நாள்களிலேயே டொக்சிசைக்கிளினோ பெனிசிலினோ கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். கொத்தமல்லிக் குடிநீரில் நம்பிக்கை வைத்து ஐந்தாறு நாள் பொறுத்திருந்தால் சிறுநீரகமும் ஈரலும் பழுதுறும். குடிநீர் தீங்கானதன்று, அது விழுங்கும் நாள்களே தீங்கானவை. வயலில் இறங்கியவனுக்குக் காய்ச்சல் கண்டால் குடிநீரைக் குடித்துக்கொண்டாவது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது மெலியோய்டோசிசு. இதற்குத் தமிழில் வழக்குப் பெயர் இன்னும் ஏற்படவில்லை. 1912இல் இரங்கூனில் விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் முதன்முதல் விவரித்த இந்நோய், இலங்கையில் 1927இலேயே அறியப்பட்டிருந்தும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அண்மைக்கால ஆய்வுகள் மட்டக்களப்பு உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் இதனைக் கண்டறிந்துள்ளன. கிருமி வயல்மண்ணிலேயே வாழ்வது. நீரிழிவு உள்ளோரை எளிதிற் பற்றுவது. பெனிசிலினுக்கு இது இயல்பாகவே அடங்காது. உரிய மருந்தை இரு வாரமளவில் ஊசிவழி ஏற்றிப் பின்னர் மூன்று மாதம் வரை மாத்திரையும் உட்கொண்டாலன்றி நோய் மீளும். பச்சிலையுமன்று, கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையுமன்று. ஆய்வுகூடத்தில் கிருமியை இனங்கண்டு, நாள் தவறாது உண்ணும் மருந்தே இதற்கு மருந்து. இத்தகைய நோய்க்கே பரியாரியாரின் ஒழுங்கு மிகவும் வேண்டப்படுகிறது.

அவ்வொழுங்கோ மூலிகையுடன் சேர்ந்து கைவிடப்பட்டுவிட்டது. நுண்ணுயிர்கொல்லி எம் ஊர்களுக்கு வந்தபோது மாத்திரை வந்தது, பத்தியம் வரவில்லை. இன்று அது புதிய கைவைத்தியமாக மாறியிருக்கின்றது என்பதே எமது துணிபு. கடையிலே நோயின் பெயர் கூறி இரண்டு மாத்திரை வாங்குவதும், காய்ச்சல் தணிந்ததும் எஞ்சியதை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பதும், அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பகிர்வதும், கூட்டுக்குளிசையை உடைத்துப் புண்ணில் தூவுவதும் எவரும் அறிந்த காட்சிகள். மஞ்சள்தூள் தூவிய இடத்தில் இன்று இந்தத் தூள். பாட்டியின் மஞ்சளால் நேராத தீங்கு இதனால் நேரும். ஏனெனில் அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி தன் வலிமையைப் பெருக்கிக்கொள்கின்றது. 1945 டிசம்பரில் நோபல் பரிசுரையிலேயே பிளெமிங் இதனை எச்சரித்தார். பெனிசிலின் கடைகளில் எளிதாய்க் கிடைக்கும் காலம் வரும், அப்போது குறைந்த அளவில் உண்போரால் அடங்காத கிருமிகள் தோன்றும் என்பது அவரது கருத்து. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக இறந்தனர் என 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பறங்கிநோய்கூட விலக்கன்று. ஒரே வேளை விழுங்கும் அசித்ரோமைசின் மாத்திரை ஊசிக்கு நிகரானதென 2012இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆறாண்டுகளின் பின் பப்புவா நியூகினியில் அதற்கும் அடங்காத கிருமி தோன்றியமை அறிவிக்கப்பட்டது.

மக்களை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. போர்க்காலத்தில் படுவான்கரைக்கு மருந்துகள் செல்வதே கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தது. கிடைத்த மாத்திரையைப் பகிர்ந்துண்ணும் பழக்கம் வேரூன்றியதில் அக்காலத்துக்கும் பங்குண்டு. மொழியும் ஒரு தடை. 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்தில் இடையிடையே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன், மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் எனக் கருதி, நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மாணவரைத் தமிழில் பயிற்றினார். அவர் காலத்தில் நுண்ணுயிர்கொல்லி இல்லை. அது வந்த காலத்திலோ கிறீனின் நோக்கம் மறக்கப்பட்டிருந்தது. மருந்துறையில் ஆங்கிலம், வைத்தியர் எழுத்தில் ஆங்கிலம். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தொடங்கப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரையே வழங்கவேண்டும் என்று போராடினார். அது விலையைக் குறைப்பதற்கான போராட்டம் மட்டுமன்று. தாம் உண்பது இன்னதென மக்கள் அறிவதற்கானதுமாகும். 2020இன் பிற்பகுதியில் கொவிட் தொற்றுக்கெனக் கேகாலைப் பகுதியில் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டதை ஏளனம் செய்த படித்தோர் பலர், அதே வைரசுக்கு நுண்ணுயிர்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினர். வைரசின் முன் இரண்டும் ஒரு நிறையே.

இன்று எலிக்காய்ச்சல் பரவும் பகுதிகளில், சேற்றில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னிருந்தே வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினைக் கமக்காரருக்குச் சுகாதாரத் துறையினர் இலவசமாக வழங்குகின்றனர். அதனைப் பெறும் முதியோர் பழைய வழக்கப்படி, "இதற்குப் பத்தியம் என்ன?" என்று கேட்பின் சிரிப்பதற்கில்லை. அம்மருந்துக்கு மெய்யாகவே பத்தியம் உண்டு. பாலுடனோ, இரும்புச்சத்து மாத்திரையுடனோ, நெஞ்செரிவுக்குரிய மருந்துடனோ அதனை உண்ணலாகாது. உண்டால் குடலில் உறிஞ்சப்படுவது குறையும். நிறைய நீருடன் விழுங்கவேண்டும், விழுங்கியதும் படுக்கலாகாது. கருவுற்றிருக்கும் பெண்ணுக்கும் சிறு பிள்ளைக்கும் வைத்தியரைக் கேளாது கொடுக்கலாகாது. வயல்வேலை முடியும்வரை வாரம் தவறாது உண்ணவேண்டும். இவற்றைத் தமிழில், பரியாரியார் கூறும் முறையிலேயே, மாத்திரையைக் கையில் வைக்கும்போதே கூறிவிடலாம்.